ஆறு மீனுக்கு ஒரு சுவர்

லிஃப்ட்காரருக்கு எதைப் பார்த்தாலும் அதற்குள் எத்தனை பேர் ஏறலாம் என்றுதான் முதலில் தோன்றும். லிஃப்ட் மாட்டுவது, பழுது பார்ப்பது என்று தொழில் அப்படி. எட்டுப் பேர் என்று கொட்டை எழுத்தில் எழுதிய லிஃப்டில் பத்துப் பேர் ஏறிக்கொண்டு, கதவு மூடவில்லை, உங்கள் லிஃப்ட் சரியில்லை என்று போன் செய்கிறவர்களோடு ஆயுளில் பாதியை மல்லுக்கட்டியே கழித்தவர். "லிஃப்ட் நல்லாத்தாங்க இருக்கு. உங்கள்ல ரெண்டு பேர் இறங்குங்க" என்பதுதான் அவர் வாழ்க்கையில் அதிகமாகச் சொன்ன வாக்கியமாக இருக்கும். அதைச் சொல்லும்போது அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பேர்ப்பட்டவர் டிஸ்கஸ் மீனிடம் மனதைப் பறிகொடுத்தது ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். லிஃப்டுக்கு ஏதோ உதிரிபாகம் வரவேண்டியிருந்தது. காத்திருக்கச் சொல்லி ஒரு நாற்காலி போட்டார்கள். எதிரே சுவர் நீளத்துக்கு ஒரு தொட்டி. சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, வண்ணம் அடித்து, விளிம்பில் துடுப்பு வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி வட்ட வட்டமாக மீன்கள். ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பின. ஒன்று நின்றால் எல்லாம் நின்றன. அவசரமில்லை, இடிக்கவில்லை, முண்டியடிக்கவில்லை. இத்தனை பேர் ஓரிடத்தில் இவ்வளவு மரியாதையாக இருந்து அவர் பார்த்ததே கிடையாது. உதிரிபாகம் வந்து சேர்ந்த பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நம்மாள் ஒன்றில் இறங்கினால் கணுக்கால் நனைய இறங்குகிற ரகமில்லை. பேருந்தில் போகும்போதெல்லாம் போனில் டிஸ்கஸ்தான். மீன் கடை நடத்துகிற அம்மாளிடம் போய் நின்று, வாங்காமலேயே ஆயிரம் கேள்வி கேட்டார். கடைசியில் தலைகீழாக ஒப்பிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். டிஸ்கஸைத் தனியாக வைக்கக் கூடாது, ஏங்கிப்போகும். இரண்டாக வைத்தால் ஒன்று இன்னொன்றைப் பாடாய்ப் படுத்தும். குறைந்தது ஆறு வேண்டும். வளர்ந்த மீன் ஒவ்வொன்றுக்கும் நாற்பது ஐம்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். உடம்பு உயரமானது என்பதால் தொட்டியும் உயரமாக இருக்க வேண்டும். தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். ஆக, நாலடி நீளம், ஏறக்குறைய முன்னூறு லிட்டர். தண்ணீரும் கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்த்து எடை போட்டால், நாலைந்து தடியர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பது போல. மாடி வீட்டில் அதை எங்கே வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. கீழே உத்தரம் ஓடுகிற சுவரை ஒட்டித்தான் வைக்க வேண்டும்.

அவருடைய வாடகை வீட்டில் அப்படி ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. கூடத்தின் நீளச் சுவர். அந்தச் சுவரை ஒட்டி ஒரு சோபா கட்டில் கிடந்தது. அந்தச் சோபா கட்டிலில் மச்சினன் கிடந்தான்.

மனைவியின் தம்பி. கல்யாணம் ஆகாதவன், முப்பதைத் தாண்டியவன், வாயைத் திறந்தால் காற்றுக்கு வலிக்குமோ என்று பேசுகிறவன். பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் லேபிள் வரைகிற ஒரு கம்பெனியில் இருந்தான். கம்பெனி மூடிவிட்டது. வேறு வேலை கிடைக்கிறவரை என்று ஒரு பையோடும் ஒரு மடிக்கணினியோடும் அக்கா வீட்டுக்கு வந்தான். துண்டு துண்டாக லேபிள் வேலைகள் வந்தன, நிலையான வேலை வரவில்லை. வந்தபோது சுவரில் மாட்டியிருந்த காலண்டர் இப்போது குப்பைக்குப் போய்விட்டது.

லிஃப்ட்காரர் கெட்டவரில்லை. ஒருநாளும் அவனைப் போ என்று சொன்னதில்லை. தமாசு பண்ணுவார், அவ்வளவுதான். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவர் இருந்தால் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது என்று பெயர் எடுத்தவர். என்ன, வீட்டில் நாலு பேர் இல்லை. மூன்றே பேர். தமாசு எங்கே சுற்றினாலும் ஒரே தலையில்தான் வந்து விழுந்தது.

"ஏன் மாப்ள, மருந்து பாட்டிலுக்கெல்லாம் காலாவதி தேதி போடறியே, விருந்தாளிக்குப் போடற வழக்கம் கிடையாதா?"

மச்சினன் சிரிப்பான். உதடு மட்டும் சிரிக்கும்.

"லிஃப்டுக்குள்ள ஒருத்தன் இறங்காம மேலயும் கீழயும் போய்ட்டே இருந்தா அவனுக்கு என்ன பேர் தெரியுமா? ஆப்பரேட்டர். அவனுக்காவது சம்பளம் உண்டு."

அதற்கும் சிரிப்பான். அவர் சாப்பிட உட்காரும்போது அக்கா கூப்பிட்டால், "நீங்க சாப்பிடுங்க அத்தான். எனக்கு இப்பப் பசிக்கல, அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்பான். அவனுக்குப் பசியே எடுக்காது போல என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு நில்லாமல் அதையும் ஒரு தமாசாக்கினார்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. வேலை முடிந்து மாடியேறி வந்தால் சமையலறையில் அக்காவும் தம்பியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். சின்ன வயதுக் கதையாகத்தான் இருக்கும். இவர் தலையைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். சொந்த வீட்டில் தான் ஓரங்கட்டப்படுவதாக அவருக்கு மனத்தாங்கல். ஓரமாக நிற்கிறவர் தான்தான் என்று அவர் சத்தியமாக நம்பினார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அளவுநாடாவும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு கூடத்தில் இறங்கினார். தரையில் நீளமாக ஒரு கோடு, குறுக்கே இரண்டு கோடு. கோடு சோபா கட்டிலுக்கு அடியில் போக வேண்டியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்து ஏதோ ஊறுகாய் லேபிளுக்கு எழுத்து வரைந்துகொண்டிருந்த மச்சினன், அத்தான் கோடு போட வசதியாக இரண்டு காலையும் தூக்கிக்கொண்டான்.

மனைவி ஈரக்கையோடு வந்து நின்றார். அவர் மழலையர் பள்ளி ஆசிரியை. அந்தக் கட்டடம் முழுவதுமே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், கட்டிய கணவர் உட்பட.

"என்ன இது?"

"தொட்டி வரப்போகுது டீச்சர். ஆறு மீனு. நாலடி."

"இங்கயா?"

"வேற சுவரு தாங்காது. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

டீச்சர் கோட்டைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், தூக்கிய கால்களைப் பார்த்தார். "அப்ப இவன் எங்க படுப்பான்?"

"நானா எழுந்திருக்கச் சொன்னேன்? அளவு சொல்லுது. நான் என்ன பண்றது?"

"அளவுக்கு வாய் இருக்கா? நீங்கதான் பேசறீங்க."

மச்சினன் மெதுவாக, "அக்கா, நான் எங்கயாவது பாத்துக்கறேன். அத்தான் ஆசைப்படறாரு" என்றான்.

"நீ சும்மா இரு" என்றார் டீச்சர். தம்பியிடம் சொன்னாலும் பார்வை கணவர்மேல்தான் இருந்தது. "மீன் வேணும்னா சின்னத் தொட்டியில வாங்குங்க. செருப்பு அலமாரி மேல வைக்கலாம். கட்டில் நகராது."

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசினால் அந்த வீட்டில் அது தீர்ப்பு.

செருப்பு அலமாரிமேல் இரண்டடித் தொட்டிதான் நிற்கும். இரண்டடித் தொட்டியில் டிஸ்கஸ் வைப்பது பிசகு என்று லிஃப்ட்காரருக்கு அப்பட்டமாகத் தெரியும். அதை ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவரே அவர்தான். ஆனாலும் ஆசை ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். மூன்று மீன் வாங்கலாம் என்று முடிவு செய்தார்.

கடைக்கார அம்மாள் வலையைக் கையில் வைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மூணா? நீங்களா கேக்கறீங்க? இருக்கறதுலயே மோசமான கணக்கு மூணுதான். ஆறு இருந்தா பெருசு அடிக்கற அடி ஆளுக்கு ஒண்ணாப் பிரிஞ்சு போயிடும். மூணு இருந்தா எல்லாம் ஒருத்தன் தலையிலதான்."

"தெரியும்மா. தற்காலிகம்தான். கொஞ்ச நாள்ல ஒரு சுவரு காலியாகும்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று அம்மாள் பிடித்துக் கொடுத்தார். கடை வைத்திருப்பவர் எவ்வளவு தூரம்தான் வேண்டாம் என்பார்?

ஆக வீட்டில் தற்காலிகங்கள் நான்காயின. மூன்று மீன், ஒரு மச்சினன்.

பெரியது நல்ல செம்மஞ்சள். நடுவானதற்கு உடம்பெல்லாம் நீலக்கோடு. சின்னது வெளிர்மஞ்சள். டீச்சர் தன் வகுப்புக் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிற மாதிரி பெரியவர், கோடு, பொடியன் என்று பெயர் வைத்தார். முதல் இரண்டு நாள் தேனும் பாலுமாகப் போனது. அப்புறம் பெரியவர் தன் சுயரூபத்தைக் காட்டினார். சாப்பாடு விழுந்தால் முதலில் பொடியனை ஒரு முட்டு, பிறகுதான் வாயைத் திறப்பார். சாப்பாடு இல்லாதபோதும் சும்மா போய் ஒரு முட்டு. கோடு தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சில சமயம் தானும் ஒன்று போட்டது. பொடியன் வெளுப்பிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து கறுத்து, ஹீட்டர் குழாய்க்குப் பின்னால் மூலையில் சாய்ந்து நின்றுவிட்டான். சாப்பிட முன்னால் வருவதே இல்லை.

"பாரு மாப்ள, தானாப் போய் ஓரமா நிக்குது" என்றார் லிஃப்ட்காரர். "சாப்பாடு போட்டா முன்னால வந்து சாப்பிட வேண்டாமா? யாரு தடுத்தா? சுபாவமே சரியில்ல."

பகல் முழுவதும் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவன் மச்சினன்தான். மறுநாள் லேபிள் தாள் ஒன்றை வெட்டி அந்த மூலைக் கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒட்டினான். பொடியனுக்கு ஒரு மறைப்பு. சாப்பாட்டை முதலில் இந்தக் கோடியில் போட்டு, பெரியவர் அதில் மும்முரமானதும் அந்தக் கோடியில் துளி போட்டான். பொடியன் இரண்டு வாய் எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் ஓடினான். லிஃப்ட்காரர் அதைப் பார்த்துவிட்டு, "செல்லம் குடுத்துக் கெடுக்காத" என்றார்.

ஆனால் மீன் மெலிவதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஆசையாக வாங்கியது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உபரி ஹீட்டரும் காற்றுக் குழாயும் போட்டு, பொடியனை வலையில் ஏந்திக் குளியலறை ஓரத்தில் கொண்டுபோய் விட்டார். இரண்டே நாளில் பொடியன் வெளுத்தான், சாப்பிட்டான், கையைக் கண்டதும் மேலே வந்தான். லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம்தான் மச்சினனும் ஓர் அறை கிடைத்துவிட்டதாகச் சொன்னான். சலவைக்கடைக்கு மேல், நாலைந்து பேர் சேர்ந்து தங்குகிற இடம். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பக்கத்துலதானேக்கா" என்று பையைத் தூக்கிக்கொண்டான். லிஃப்ட்காரர் பெருந்தன்மையாக வாசல்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்ததும் நாலடித் தொட்டிக்குச் சொல்லிவிட்டார். ஒரு சுவர் காலியானது, ஒரு மீன் பிழைத்தது. கணக்கு இவ்வளவு சுத்தமாக முடிந்ததில் அவருக்குத் தன்மீதே ஒரு மதிப்பு வந்தது.

வீடு அமைதியாக இருந்தது. சமையலறையில் குசுகுசுப்பு இல்லை. லிஃப்ட்காரர் சாப்பாட்டு மேஜையில் காலை நீட்டி உட்கார்ந்தார். டீச்சர் எதையோ முணுமுணுத்தபடி பாத்திரங்களை எடுத்து வைத்தார். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாட்டுகளை வேலை செய்யும்போது முணுமுணுப்பது அவர் வழக்கம்.

"டீச்சர், உங்க கிளாஸ்ல புள்ளைங்க தூங்குதுன்னு சொன்னீங்களே, சாப்பாட்டு மயக்கம்னு நெனச்சேன். இப்பத்தான் காரணம் காதுல விழுது."

டீச்சர் முணுமுணுப்பை நிறுத்தினார். லிஃப்ட்காரர் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த நாள் டீச்சர் வாங்கி வந்த திரைச்சீலைத் துணியைப் பற்றி ஒன்று சொன்னார். அதற்கடுத்த நாள் டீச்சர் போனில் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பற்றி ஒன்று. எல்லாம் தமாசுதான். எல்லாவற்றுக்கும் டீச்சர் சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது.

ஒரு சாயங்காலம் பாத்திரத்தைத் திறந்து பார்த்த லிஃப்ட்காரர், "யாருக்கு இவ்வளவு? ஆள் இறங்கினது இன்னும் தெரியலையா? ரெண்டு பேர் லிஃப்டுக்கு மூணு பேர் லோடு" என்றார்.

டீச்சர் அவருடைய தட்டை மட்டும் மேஜையில் வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு இப்பப் பசிக்கல. அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். லிஃப்ட்காரர் ஒரு வாய் எடுத்தார். இந்த வார்த்தையை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று தெரிந்ததும் தட்டைத் தள்ளி வைத்தார். தலையைத் திருப்பினால் செருப்பு அலமாரிமேல் தொட்டி. பெரியவர் நடுவில் கம்பீரமாக நின்றார். கோட்டைக் காணவில்லை. எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். லேபிள் தாள் ஒட்டிய மூலையில், ஹீட்டர் குழாய்க்குப் பின்னால், நீலமெல்லாம் கறுத்துப்போய்ச் சாய்ந்து நின்றது கோடு.

தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்கார அம்மாளுக்குப் போன் போட்டார்.

"எத எடுத்து வெளிய வெச்சீங்க?" என்றார் அம்மாள்.

"அடி வாங்குனத. சின்னத."

"அத ஏன் எடுத்தீங்க? அது என்ன தப்பு பண்ணுச்சு?"

லிஃப்ட்காரர் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அடி வாங்கறத எடுத்தா அடி நிக்காதுங்க. அடுத்தது வாங்கும். அடிக்கறத எடுக்கணும். கொஞ்ச நாள் தனியா வைங்க. அதுக்குள்ள உள்ள இருக்கற கட்டை, கல்லு எல்லாத்தையும் இடம் மாத்திடுங்க. மத்ததெல்லாம் பழகினப்புறம் கடைசியா விடுங்க. வர்றப்ப அதுக்கு எது யாரு எடம்னு தெரியாது. விருந்தாளி மாதிரி வரும்."

இதை லிஃப்ட்காரர் எங்கோ படித்தும் இருந்தார். படித்தபோது அது தனக்குத் தேவைப்படாத பக்கம் என்று தள்ளிவிட்டிருந்தார்.

"தனியா வெச்சா அதுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"எதுக்கு?"

"அடிக்கறதுக்கு."

"என்ன ஆகப்போகுது? கொஞ்சம் ஏங்கும். செத்துப்போகாது" என்று அம்மாள் போனை வைத்தார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை காலம் கண்ணாடிக்கு வெளியே நின்று கணக்குப் போட்டவர் தான் என்று நினைத்திருந்தார். முட்டிக்கொண்டே திரிந்தது யாரென்று இப்போது பச்சையாகத் தெரிந்தது. மச்சினன் போனதும் வீட்டில் ஒன்றும் தீரவில்லை, முறை மாறியதுதான் மிச்சம். இன்னும் கொஞ்சம் போனால் டீச்சரும் ஒரு மூலை பார்த்து ஒதுங்கிவிடுவார் என்று தோன்றியதும் உள்ளே போனார்.

சமையலறையில் டீச்சர் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடத்தில் நின்று, குழந்தைகளின் ஓவியத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்ததையே மறுபடி அடுக்கினார்.

"தப்பான மீன எடுத்துட்டேன்" என்றார் லிஃப்ட்காரர்.

"ம்."

"அடிக்கறதத்தான் எடுக்கணுமாம்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். மீனைப் பற்றித்தான் பேசுகிறாரா என்று சந்தேகம்.

"வெளியூர்ல புதுக் கட்டடம் ஒண்ணு. நாலு லிஃப்ட் மாட்டணும். போறியான்னு ஆபீஸ்ல கேட்டுட்டே இருந்தாங்க. போய்ட்டு வரேன்."

"முடியவே முடியாதுன்னீங்களே?"

"இத்தன நாள் ஊரையெல்லாம் இறங்கச் சொன்னேன். நான் ஒரு தடவை இறங்கிப் பாக்கறேன். தொட்டி வந்துடும். நீங்களும் தம்பியும் வெச்சுக்கோங்க. வீட்ட எப்படி வேணா மாத்துங்க. என் நாற்காலி உட்பட."

டீச்சர் கண்ணில் நீர் கட்டியது. ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். "எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாள்னு கடைக்காரம்மா சொன்னாங்க."

ஊருக்குக் கிளம்புமுன் சலவைக்கடை மாடிக்குப் போனார். அந்த அறையின் நீள அகலத்தைப் பார்த்ததும் இரண்டு பேருக்கு மேல் தாங்காது என்று பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது மனசு. அடுக்குக் கட்டில்கள் மூன்று, ஆள் ஆறு. மேல் கட்டிலில், கூரை தலையில் இடிக்கக் குனிந்து, மடியில் கணினியோடு மச்சினன். ஒரு தமாசு நாக்கு நுனிவரை வந்தது. அதை மென்று விழுங்கினார்.

"மாப்ள, தப்பு என்னோடதுதான்."

மச்சினன் பதறி இறங்கப் பார்த்தான். "ஐயோ அத்தான், நீங்க தமாசுக்குத்தானே..."

"தமாசுன்னா நீயும் சிரிச்சிருக்கணும்."

"சிரிச்சேனே?"

"ஆமா, உதட்டால மட்டும். அதத்தான் சொல்றேன்."

மச்சினன் கணினியை மூடினான்.

"பெரிய தொட்டி வருது. நான் ஊர்ல இருக்க மாட்டேன். உங்க அக்காவால தனியா முடியாது. சின்னதுக்கு மறைப்பு ஒட்டினவன் நீதான். நீ வந்து வெச்சாத்தான் சரியா இருக்கும்."

"யோசிச்சுச் சொல்றேன் அத்தான்" என்றான் மச்சினன். உடனே சரி என்று சொல்லாமல் அவன் யோசிக்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வரமாட்டானோ என்ற பயத்தோடுதான் லிஃப்ட்காரர் பஸ் ஏறினார். பெரியவரை வலையில் பிடித்துக் குளியலறைத் தொட்டியில் விட்டுவிட்டு, பொடியனைத் திரும்பக் கோட்டோடு சேர்த்துவிட்டுத்தான் ஏறினார்.

வெளியூரில் ஆளில்லாத லிஃப்ட் குழிகளில் கயிறு கட்டுகிற வேலை. தங்கியது தகரக் கொட்டகையில். சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த வெல்டரைப் பார்த்து வழக்கம்போல் ஒன்று சொல்லிவைத்தார். அந்த ஆள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு வாயை அடக்கிக்கொண்டார். அடக்குவது எளிதாக இல்லை, நிறைய நேரம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. வீட்டுக்குப் போன் செய்தால் டீச்சர் தொட்டி வந்துவிட்டது என்பார், புதுத் தண்ணீர் மீனுக்கு ஒத்துப்போகட்டும் என்று கடைக்கார அம்மாள் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய வடிகட்டிப் பஞ்சைக் கொடுத்திருக்கிறார் என்பார், புது மீன் மூன்று வாங்கி விட்டாயிற்று என்பார். தம்பி வந்தானா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒரு நாள் பேச்சுக்கு நடுவே டீச்சர் எதையோ முணுமுணுப்பது காதில் விழுந்தது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்தது மச்சினன்.

"வாங்க அத்தான்" என்றான், விருந்தாளியை அழைப்பது போல.

லிஃப்ட்காரர் பையோடு உள்ளே வந்து நின்றார். அவருக்கு வீடு அடையாளம் தெரியவில்லை. நீளச் சுவரில், சாக்கட்டிக் கோட்டின் மேலேயே, தொட்டி. சோபா கட்டில் ஜன்னலடிக்குப் போயிருந்தது. ஜன்னலடியில் முன்பு இருந்த, அவர் கால்நீட்டி உட்கார்கிற நாற்காலி சமையலறை வாசலுக்குப் போயிருந்தது. அதன்மேல் தண்ணீர் மாற்றுகிற குழாயும் வாளியும் இருந்தன. பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். ஐந்து மீன்கள் வரிசையாகத் திரும்பின. முன்வரிசையில் பளிச்சென்று வெளிர்மஞ்சளாக ஒன்று.

"பொடியனா அது?"

"அவனேதான்" என்றார் டீச்சர். "பெரியவர மட்டும் இன்னும் விடல. நீங்க வரட்டும்னு வெச்சிருந்தோம்."

மச்சினன் வலையில் கொண்டுவந்து மெல்ல இறக்கினான். பெரியவர் இறங்கிய இடத்திலேயே நின்றார். பழைய தொட்டியில் கட்டை இருந்த பக்கமாகத் திரும்பினார், அங்கே கட்டை இல்லை. லேசாகக் கறுத்தார். ஐந்து பேரும் வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள். போகும்போது கோடு லேசாக ஓர் இடி இடித்தது. பெரியவர் யார்மேலும் பாயவில்லை. பிறகு அவர்கள் திரும்பிய பக்கமே திரும்பி, வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

"மூணு மோசமான கணக்குன்னு கடைக்காரம்மா என்கிட்டயும் சொன்னாங்க" என்றார் டீச்சர். "இப்ப வீட்டுல ஒன்பது பேர். லோடு தாங்குமா?"

மச்சினன் சத்தம் போட்டுச் சிரித்தான். அவன் சிரிப்புக்கு ஒரு சத்தம் உண்டு என்பதே லிஃப்ட்காரருக்கு அன்றுதான் தெரியும். தமாசு தன் தலையில் விழுந்ததும் அவருக்குச் சுருக்கென்றது. இவ்வளவு சின்னதுக்கே இப்படித் தைக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவரும் சிரித்தார்.

டீச்சர் சாப்பாடு எடுத்து வைத்தார். மேஜையும் இடம் மாறி, ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. எந்த நாற்காலி தன்னுடையது என்று தெரியாமல் லிஃப்ட்காரர் நின்றார். யாரும் சொல்லாததால் கிடைத்ததில் உட்கார்ந்தார். மச்சினன் தன் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"அத்தான், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பசிக்குது."

லிஃப்ட்காரர் சுவரோரமாகத் தள்ளி உட்கார்ந்தார்.